கேட்டால்தான் அவுட்

அதிராம்பட்டினம்
8-2-1995

மதிப்பிற்குரிய இளையபெருமாள் சார் அவர்களுக்கு,

பெண்கள் பள்ளி பி.டி. டீச்சர் சஃபியா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தஞ்சாவூரில் எங்கள் பஸ் புறப்படும்போது ஜன்னலோரம் வந்து நின்று ஒரு விஷயம் சொன்னீர்கள். நான் வாய் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. உள்ளே பதினான்கு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் உங்களைத் திட்ட வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்து எழுதுகிறேன்.

"டீச்சர், கடைசியா ஓடி வந்துச்சே அந்தப் பொண்ணு, மூணாவது பேஸை மிதிக்கல. நீங்க கேட்டிருந்தா அவுட் குடுத்திருப்பேன்."

இதுதானே நீங்கள் சொன்னது? நான் தப்பாகக் கேட்டிருந்தால் திருத்துங்கள். தப்பாகக் கேட்டிருக்க வேண்டும் என்று துஆ செய்துகொண்டிருக்கிறேன்.

மாவட்ட பேஸ்பால் இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ். ரன் நாலுக்கு நாலு. எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் விழுந்தால் ஆட்டம் நீளும். இரண்டாவது பேஸில் நின்ற பெண், பந்து வலது பக்கம் போனதும் ஓடத் தொடங்கி, மூன்றாவதைக் கடந்து ஹோம் பேஸுக்கு வந்துவிட்டாள். நீங்கள் கேட்சருக்குப் பின்னால் நின்ற தலைமை நடுவர். அவள் மூன்றாவது பேஸை மிதிக்கவில்லை என்று கண்ணால் பார்த்தீர்கள். பார்த்தும் ரன் கொடுத்தீர்கள். எங்கள் தோல்வியை எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள்.

எங்கள் பிட்சர் அம்சத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. கருவேலங்கொல்லையில் கூலி வேலை செய்யும் செல்லதுரையின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு. ஜெயித்த அணிதான் மாநிலப் போட்டிக்குப் போகும், அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்குக் கேடயம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தாரே இறால் பண்ணைக்காரர், அவர் பண்ணையின் உப்புத் தண்ணீர்தான் பொங்கலுக்கு முன்னால் கரையை உடைத்துக்கொண்டு செல்லதுரை குத்தகைக்குப் பார்க்கும் ஆறு மா நிலத்தில் ஏறியது. கதிர் வந்த பயிர் நின்ற இடத்திலேயே கருகிப் போனது. அந்த மனிதர் கையாலேயே அம்சம் கேடயம் வாங்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அவளும் நினைத்திருந்தாள். எங்களுக்குள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்பதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
சஃபியா


திருப்பனந்தாள்
14-2-1995

சஃபியா டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரி. அதைத்தான் சொன்னேன்.

விதி இதுதான். ஓடுகிறவர் ஒவ்வொரு பேஸையும் வரிசையாக மிதித்துத்தான் ஹோமுக்கு வர வேண்டும். ஒன்றை மிதிக்காமல் போனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது எதிரணியின் வேலை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பேஸைத் தொட்டு, இவர் இதை மிதிக்கவில்லை என்று அம்பயரிடம் சொல்ல வேண்டும். அதற்கு அப்பீல் என்று பெயர். கேட்டால் அம்பயர் தீர்ப்புச் சொல்வார். கேட்காவிட்டால் தான் பார்த்ததை முகத்தில்கூடக் காட்டக் கூடாது. காட்டினால் அவர் ஒரு அணிக்கு ஆள் ஆகிவிடுகிறார். அடுத்த பந்து போட்டுவிட்டால் கேட்கும் உரிமை போய்விடும். ஆட்டத்தின் கடைசிப் பந்தாக இருந்தால், பிட்சரும் பேஸ்களைக் காக்கும் அவருடைய அணியினரும் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை கேட்கலாம்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்கிறீர்கள். எங்கே நின்றேன் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் எந்த அம்பயரும் நாற்காலிக்குப் போய்விடுவார். நான் முகமூடியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். மாவட்டச் சங்கச் செயலாளர் இரண்டு முறை கூப்பிட்டார். போகவில்லை. உங்கள் பிட்சர் பந்தெறியும் மேட்டிலேயே உட்கார்ந்து முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தது. பந்து அதன் காலடியில்தான் கிடந்தது. அந்தப் பெண் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருந்தது. நாலு நிமிடத்துக்கு மேல் இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு நீங்கள் உள்ளே வந்தீர்கள். தோளைத் தொட்டு எழுப்பி அழைத்துக்கொண்டு போனது நீங்கள்தான், டீச்சர்.

நான் அவுட் கொடுத்திருந்தாலும் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்பதில்லை. ஆட்டம் தொடர்ந்திருக்கும், அவ்வளவுதான். கேடயத்தை யார் கையால் யார் வாங்குகிறார்கள் என்பது அம்பயர் பார்க்கும் விஷயம் இல்லை.

இளையபெருமாள்


அதிராம்பட்டினம்
19-2-1995

இளையபெருமாள் சார்,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியைப் படித்ததும் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். அடுத்த பீரியட் எட்டாம் வகுப்பு. காரணமே இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தேன். பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

நான்தான் எழுப்பினேன். எதிரணிப் பெண்கள் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள், பண்ணைக்காரர் சிரித்தபடி மாலைக்குக் குனிந்துகொண்டிருந்தார். அதன் நடுவில் என் பெண் மண்ணில் உட்கார்ந்து அழுவதை ஊரே பார்க்க வேண்டாம் என்று எழுப்பினேன். நீங்கள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விதி, விதி என்கிறீர்களே. போன வருஷம் ஜூனில் திருச்சி முகாமில் உங்களிடம் நான் என்ன கேட்டேன்? இந்த மாவட்டத்தில் பேஸ்பால் விதிப்புத்தகம் இருப்பது உங்கள் ஒருவரிடம்தான். ஒரு வாரம் கொடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "ஒரே காப்பிதான் இருக்கு டீச்சர், நானே எடுத்து அனுப்புறேன்" என்றீர்கள். எட்டு மாசம். நான் இரண்டு கார்டு போட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஆட்டம் அந்த ஐந்து நாள் முகாமில் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான். அதில் அப்பீல் இல்லை. புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, நீ ஏன் கேட்கவில்லை என்று கேட்பதற்குப் பெயர் நடுநிலையா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்று மதியம் பண்ணைக்காரர் வைத்த சாப்பாட்டில் நீங்களும் பந்தியில் உட்கார்ந்திருந்ததாக எங்கள் பெண்கள் பார்த்துச் சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்கிறார்கள்.

மாவட்டச் சங்கத்துக்கு ஆட்சேபணை அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தின் நகலும் போகிறது.

சஃபியா


திருப்பனந்தாள்
27-2-1995

சஃபியா டீச்சர் அவர்களுக்கு,

அன்று நான் சாப்பிட்டது என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம். பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைத் திறந்தேன், வேறு நிழல் இல்லாததால். பரிமாறியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அவர்கள் சொல்கிறார்கள்" என்று பிள்ளைகள் தலையில் போட்டு எழுதாதீர்கள். நீங்கள் சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள், நானும் நேராகப் பதில் சொல்கிறேன்.

நான் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டீர்கள். விதி என்று மட்டும் சொன்னேன். கோபத்தில் இதையும் எழுதுகிறேன்.

எழுபத்தொன்றில் எங்கள் ஊருக்குக் குத்தகைதாரர் பதிவு எடுக்க அதிகாரி வந்தார். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சென்னையில் சட்டம் போட்டிருந்தார்கள். என் அப்பா இராஜாங்கம் ஒரு மிராசுதாரிடம் நாலு மா நிலத்தைப் பதினாறு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. சாவடியில் விசாரணை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, எத்தனை வருஷம், எத்தனை கலம் நெல் அளந்தேன் எல்லாம் சொன்னார். அதிகாரி மிராசுதாரைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருந்தார். அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார். எழுதியிருந்தால் நிலம் எங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். எழுதுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி, மிராசுதாரிடம் மெல்லச் சொன்னார்.

"ஐயா, இந்த ஆளு வெறும் கூலிக்குத்தான் உழுதான், குத்தகை இல்லன்னு நீங்க ஆட்சேபம் சொல்ல எடமிருக்கு. சொல்றீங்களா?"

"ஆமா ஆமா. அதத்தான் சொல்றேன்."

முடிந்தது. மூன்றாம் மாசம் அந்த நாலு மாவில் வேறு ஆள் ஏர் பூட்டினான். அப்பா அதன் பிறகு அந்த வாய்க்கால் பக்கமே போகவில்லை.

நடுவில் உட்கார்ந்தவன் இரக்கப்பட்டு வாயைத் திறந்தால் அந்த இரக்கம் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும், டீச்சர். எங்கள் பக்கம் அது ஒரு நாளும் வந்ததில்லை. நான் முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் யாருக்கும் சாடை காட்ட மாட்டேன் என்று வைத்திருக்கிறேன். உங்கள் பிட்சருக்கும் காட்ட மாட்டேன், பண்ணைக்காரர் மகளே ஆடினாலும் காட்ட மாட்டேன்.

சங்கம் என்னிடம் அறிக்கை கேட்டது. அந்தப் பெண் பேஸை மிதிக்கவில்லை, ஒரு சாண் உள்ளே தள்ளிக் கால் விழுந்தது, நான் பார்த்தேன், அப்பீல் வரவில்லை என்று உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை எழுதாமல் விடச் சொல்லிச் செயலாளர் ஆள் அனுப்பினார். விடவில்லை.

இளையபெருமாள்


அதிராம்பட்டினம்
22-3-1995

இளையபெருமாள் சார்,

சாப்பாட்டு விஷயத்தில் நான் எழுதியது தப்பு. விசாரித்தேன். அதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

சங்கத்திலிருந்து இரண்டு வரிப் பதில் வந்திருக்கிறது. அப்பீல் செய்யாததால் முடிவில் மாற்றமில்லை என்று. உங்கள் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அம்சத்தின் அப்பா செல்லதுரை பட்டுக்கோட்டை சப்ஜெயிலில் இருக்கிறார். பண்ணையை இன்னும் பதினைந்து ஏக்கருக்கு நீட்டிக்க பொக்லைன் வந்தது. கருவேலங்கொல்லை ஜனம் ஆணும் பெண்ணுமாகக் கரையில் உட்கார்ந்துவிட்டது. பதினேழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பண்ணையின் மோட்டாரை உடைத்ததாக வழக்கு. அம்சத்தின் அம்மா காளியம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெயிலுக்கு நடக்கிறாள். தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, அம்சம் இரண்டு மைல் போய்க் குடம் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் பரீட்சைக்கு வருகிறாள். முந்தாநாள் பௌதிகம் எழுதிவிட்டு வெளியே வந்தவள் மர நிழலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

உங்கள் அப்பா கதையைப் பலமுறை படித்தேன். படிக்கப் படிக்க உங்கள் மேல் கோபம் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. அந்த அதிகாரி பேசியது அநியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மிராசுதார் அப்படி ஒரு பொய் சொன்னால் அதற்கு மறுப்புச் சொல்ல வழி இருக்கிறது, மேலே போக வழி இருக்கிறது, அளந்த நெல்லுக்குச் சாட்சி கூப்பிட வழி இருக்கிறது என்று உங்கள் அப்பாவுக்கு யாராவது முன்கூட்டியே படித்துச் சொல்லியிருந்தால்? தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் ஒருவன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவர் நடுவில் நிற்கவில்லை, சார். தெரிந்தவன் பக்கம் நிற்கிறார்.

ஆட்டத்தின் நடுவில் நீங்கள் பேசியிருக்க வேண்டும் என்று இனி நான் சொல்லப் போவதில்லை. அது சரியில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால்? இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு விதிகளை விளக்க வேண்டியது அம்பயரின் கடமை என்று திருச்சி முகாமில் நீங்களே பாடம் எடுத்தீர்கள். அம்சம்தான் எங்கள் கேப்டன். அன்றைக்கு சார் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன்.

"ரூல்ஸ்லாம் தெரியும்ல, சண்ட போடாம ஆடுங்கன்னாரு டீச்சர். அவ்ளோதான்."

இது உண்மையா, பொய்யா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சஃபியா


திருப்பனந்தாள்
30-6-1995

சஃபியா டீச்சர் அவர்களுக்கு,

மூன்று மாசமாகப் பதில் எழுதவில்லை. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

உண்மை.

அன்று காலை ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். பண்ணைக்காரர் கார் பத்தே காலுக்குத்தான் வந்தது. வந்ததும் இரண்டு அணியோடும் ஃபோட்டோ எடுத்தார்கள். அதற்குள் செயலாளர் என் பின்னாலேயே நின்று, "அவரு பன்னெண்டுக்குக் கெளம்பணும் சார், சீக்கிரம் ஆரம்பிங்க" என்று நச்சரித்தார். கேப்டன்களிடம் பேசப் பத்து நிமிடம் ஆகும். புத்தகம் என் கையிலேயே இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் பன்னிரண்டுக்குக் கிளம்பவும் இல்லை, உட்கார்ந்து சாப்பிட்டுக் கேடயம் கொடுத்துவிட்டு நாலு மணிக்குத்தான் போனார்.

யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்று இத்தனை நாள் உங்களிடம் வீறாப்புப் பேசினேன். வளைந்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வளைந்துவிட்டேன். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் என்ன நேர்மை என்று எனக்கே தெரியவில்லை.

மறு ஆட்டம் வைக்க வேண்டும், தவறு தலைமை நடுவருடையது என்று மே மாசம் சங்கத்துக்கு எழுதினேன். நீ யார் அதைச் சொல்ல என்ற தோரணையில் பதில் வந்தது. மாநிலப் போட்டியும் முடிந்துவிட்டது.

இத்துடன் விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் இருக்கிறது. ஒரு வருஷம் தாமதம். புரிந்த அளவுக்குத் தமிழில் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். சில இடங்களில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, அங்கே கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

நீங்கள் அனுமதித்தால் நேரில் வந்து அம்சத்திடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, குறுவை இல்லை, ஊரில் எல்லோரும் சும்மாதான் இருக்கிறோம். எந்த நாள் என்றாலும் வருவேன்.

இளையபெருமாள்


அதிராம்பட்டினம்
20-8-1995

இளையபெருமாள் சார்,

வர வேண்டாம். வந்தாலும் அவள் இல்லை.

அம்சம் ஆயிரத்து இருநூறுக்கு அறுநூற்று எண்பத்து நாலு. அந்தப் பரீட்சையை அவள் எழுதிய விதத்துக்கு அதுவே பெரிது. உடற்கல்விக் கல்லூரியில் சான்றிதழ் கேட்டார்கள். மாவட்ட அளவில் இரண்டாமிடம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செல்லதுரை ஜாமீனில் வந்துவிட்டார், ஆனால் வாரம் இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. அவருக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. போன மாசம் பத்தாம் தேதி அம்சம் திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. தெருவிலிருந்து ஆறு பெண்கள் ஒன்றாகப் போனார்கள்.

போவதற்கு முந்தின நாள் என்னைப் பார்க்க வந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போகிற பெண்ணிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸ் மேஜைமேல் கிடந்தது, அவள் எடுத்துப் புரட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டாள். ஓரத்தில் உங்கள் கையெழுத்தைப் படித்தாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் உங்களைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. தாளில் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"அப்ப நான் அங்கேயே ஒக்காந்திருந்தா இன்னும் கேட்டிருக்கலாம்ல டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"நீங்க கூப்ட்டீங்கன்னு எழுந்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை, சார். குற்றம் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். சவூதியிலிருந்து என் வீட்டுக்காரர், ஒரு விளையாட்டுக்காக ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று எழுதுகிறார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

அடுத்த வருஷப் போட்டிக்கும் அதே பண்ணைக்காரர்தான் கேடயம் கொடுக்கிறாராம். எங்கள் பள்ளி வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கையிலிருந்து எங்கள் பெண்கள் எதையும் வாங்க மாட்டார்கள் என்றேன்.

நீங்கள் தப்பை ஒத்துக்கொண்டீர்கள். நல்லது. ஒத்துக்கொண்டதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இனி எழுதாதீர்கள்.

சஃபியா


தஞ்சாவூர்
4-2-1996

சஃபியா டீச்சர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை நீங்கள் கிழித்தாலும் சரி, எழுதாமல் இருக்க முடியாது. பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டைக் கை கிழிந்திருக்கிறது.

இன்று இந்த வருஷத்து இறுதி ஆட்டம். வேறு ஆள் இல்லாததால் என்னையே கூப்பிட்டார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பள்ளி, எதிரில் போன வருஷம் ஜெயித்த கும்பகோணம் அணி. கேப்டன்களை மட்டும் கூப்பிடவில்லை. முப்பது பெண்களையும் உட்கார வைத்து, முக்கியமான விதிகளைத் தமிழில் வாசிக்கத் தொடங்கினேன். பண்ணைக்காரர் ஷாமியானாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அப்பீலுக்கு வரும்போது செயலாளர் வந்து கையைப் பிடித்தார்.

"போதும் சார். ஃபோட்டோகிராஃபர் நிக்கிறாரு."

நிற்கட்டும் என்றேன். பேஸை மிதிக்காமல் ஓடினால் யார் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், அடுத்த பந்து போட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பதை இரண்டு முறை வாசித்து, புரிந்ததா என்றும் கேட்டேன். முடித்துப் புத்தகத்தை மூடியதும், நீங்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முகமூடியை வாங்கி ஒரு புதுப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாசத்துக்கு முன்புதான் வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். நான் வேப்பமரத்தடியில் ஜனங்களோடு உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் முதல் முறை.

ஐந்தாவது இன்னிங்ஸ். கும்பகோணத்துப் பெண் ஒன்று இரண்டாவது பேஸை மிதிக்காமல் மூன்றாவதுக்கு ஓடியது. எனக்கு மரத்தடியிலிருந்தே தெரிந்தது. ஒரத்தநாட்டு அணியில் நடுவில் நின்ற ஒரு பெண், பெயர் பிரகதாம்பாள், பந்தை வாங்கிக்கொண்டு நேராக இரண்டாவது பேஸுக்குப் போய் அதன்மேல் ஏறி நின்று, "சார், அப்பீல். அவ இத மிதிக்கல" என்றது. தெளிவாகச் சொன்னது. மைதானத்தின் இந்தக் கோடிவரை கேட்டது.

புது வாத்தியார் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பந்தக் குடுத்துட்டு ஆடும்மா" என்று வாத்தியார் சொன்னார்.

அந்தப் பெண் பந்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த பந்து போட்டுவிடுவார்கள், போட்டால் உரிமை போய்விடும். நான் வாசித்ததைப் பிடித்துக்கொண்டது. பேஸ்மேல் நின்றுகொண்டு இரண்டு கையாலும் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. அதன் டீச்சரே வந்து கெஞ்சினார். கொடுக்கவில்லை.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கோட்டுக்கு உள்ளே போய்விட்டேன். கத்தினேன். "அந்தப் பொண்ணு கேட்டுடுச்சு. அவுட்டுன்னு சொல்லு, இல்ல சேஃப்னு சொல்லு. தீர்ப்பு சொல்லாம ஆட்டத்த நடத்தாத." செயலாளரையும் பண்ணைக்காரரையும் பார்த்து வேறு என்னென்னவோ சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. என் அப்பா பெயரைச் சொல்லிக்கூட ஏதோ கத்தினேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோதும் அந்தப் பெண் பேஸை விட்டு இறங்கவில்லை.

ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தாமதம் செய்ததாகச் சொல்லி ஒரத்தநாட்டு அணியைத் தகுதி நீக்கம் செய்து கேடயத்தைக் கும்பகோணத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் ஆடத் தடை போடப் போகிறார்களாம்.

இது போன வருஷம் போல இல்லை, டீச்சர். கேட்ட பிறகும் தீர்ப்புச் சொல்ல மறுத்தது விதியை மீறிய குற்றம். மாநிலச் சங்கம் இதை விசாரித்தே ஆக வேண்டும். ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு அணியின் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். என் பேச்சு இனி எடுபடாது, கலாட்டா செய்தவன் என்று எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து பயப்படாமல் கையெழுத்துப் போடக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

இளையபெருமாள்


அதிராம்பட்டினம்
8-2-1996

இளையபெருமாள் சார்,

எங்கள் பள்ளி இந்த வருஷம் ஆடாததால் என் கையெழுத்து மட்டும் போதாது என்று, நேற்று லீவு போட்டுவிட்டு ஒரத்தநாட்டுப் பக்கம் அந்தப் பள்ளிக்குப் போனேன். அவர்கள் டீச்சர் நல்லவர், ஆனால் கையெழுத்துப் போட நடுங்குகிறார். புது வேலை, குழந்தை சிறிது. அவரை மிரட்டவில்லை. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஜெராக்ஸை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நீங்கள் கேள்விக்குறி போட்ட இடங்களில் இரண்டை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். நேரில் சொல்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நான் போட்டேன்.

பிரகதாம்பாளையும் பார்த்தேன். எத்தனை நேரம் நின்றாய் என்று கேட்டதற்கு, பதினொரு நிமிஷம்னு சொல்றாங்க டீச்சர், எனக்கு இன்னும் ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு என்றாள். அழைத்தால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வாளாம்.

இது அம்சத்துக்குத் திரும்பக் கிடைக்காது. அவள் பொங்கலுக்கும் வரவில்லை, லீவு இல்லையாம். பண்ணையின் மோட்டார் இதை எழுதும்போதும் ஓடுகிறது. செல்லதுரையின் வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. இதையெல்லாம் நீங்கள் மறந்துவிட்டு ஒரு நாள் கத்தியதில் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கடைசி நாள் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. தபாலை நம்ப முடியாது, இந்தக் கடிதத்தையும் ஆள் மூலம்தான் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமையே சென்னைக்குப் போய்ச் சங்க அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் வாங்கும்வரை அங்கேயே உட்கார வேண்டும். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் மெட்ராஸ் பஸ் நிற்கும் இடத்தில் இருங்கள். கிழியாத சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பஸ்ஸில் போகும்போது பேசிக்கொள்ளலாம், எட்டு மணி நேரம் இருக்கிறது.

சஃபியா